சும்மா கிடக்கிற லைன்

திங்கட்கிழமை சாயங்காலம் குவைத்திலிருந்து என் மனைவி டெல்சி போன் செய்தாள். சாப்பிட்டீங்களா, தூங்கினீங்களா என்ற வழக்கமெல்லாம் இல்லை. எடுத்த எடுப்பில் சண்டை.

"இன்னைக்கு மூணு தடவ பாத்தேன். மூணு தடவையும் சாட்டுல உங்க பேரு கறுத்துக் கிடக்குது. எங்க போய் சுத்திட்டு வந்தீங்க?"

"எங்கயும் போகல்ல ஏட்டி. கம்ப்யூட்டர் முன்னாலதான் இருந்தேன். மூத்திரத்துக்குக்கூட எந்திரிக்கல்ல."

"பொய்."

"பச்சைப் பொட்டைப் பாத்துட்டேதான்…"

"பச்சையா பொய் பறையாதீங்க. வியாழக்கிழமைதான் கடைசி. ஓர்மை இருக்கட்டு."

போனை வைத்துவிட்டாள். எனக்கு வந்த கோபத்தில் கையில் இருந்த தேயிலைக் கோப்பையைச் சுவரில் எறிந்திருப்பேன். ஆனால் கழுவுவதும் நான், பெருக்குவதும் நான். இந்த வீட்டில் கோபப்படுவதற்கும் ஆள் பற்றாது.

விஷயம் இதுதான். டெல்சி குவைத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சை வார்டில் நர்ஸ். நான் ஞானசிங், குழித்துறைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். கல்யாணம் ஆகி ஐந்து வருடம். அதில் அவள் இங்கே இருந்தது ஒரே ஒரு வருடம். மீதி நாலு வருடம் நான் சமைத்து, நானே சாப்பிட்டு, நன்றாயில்லை என்று நானே குற்றம் சொல்லிக்கொண்டேன்.

இப்போது அவளுடைய ஒப்பந்தம் முடிகிறது. இன்னும் இரண்டு வருடம் இருக்கச் சம்மதம் என்றால் வியாழக்கிழமை அங்கே நாலு மணிக்குள், நம் கணக்கில் ஆறரைக்குள், கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் ஊருக்குத் திரும்பலாம். "போடவா, வேண்டாமா? நீங்க ஒரு வார்த்தை சொல்லணும். விளையாட்டு பறையாம சொல்லணும்" என்று போன வாரமே கேட்டிருந்தாள்.

'விளையாட்டு பறையாம' என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. இரண்டு வருடத்துக்கு முன்னாலும் இதே கேள்வியைக் கேட்டாள். "நீ வந்தா எனக்க சமையலைச் சாப்பிட்டு ஆஸ்பத்திரியில படுத்திருவ. அங்கயாவது சம்பளம் தந்து ஆஸ்பத்திரியில வச்சிருக்கான்" என்றேன். மறுமுனையில் சிரித்தாள் என்றுதான் நினைத்தேன். மறுநாள் கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

மெயில் எழுதியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். எழுதினேன். மூன்று பக்கம். முதல் பக்கத்தில் பூனை குட்டி போட்ட கதை, இரண்டாம் பக்கத்தில் தலைமையாசிரியரின் புது விக், மூன்றாம் பக்கத்தின் அடியில் 'உனக்கு எது சரியாகத் தோன்றுகிறதோ அதைச் செய்'. பதில் ஒரே வரி. 'எழுதி ஜோடிக்க வேண்டாம். நான் கேக்கும்ப இருந்து பதில் சொன்னா போதும்.'

அவள் கேட்கும்போது இருப்பதுதான் சிக்கல். ட்யூட்டியில் போன் கூடாது, லாக்கரில் பூட்டி வைக்க வேண்டும். அறைக்குப் போனால் அங்கே மூன்று பேர். அதில் இரண்டு பேருக்குத் தமிழ் தெரியும், ஒருத்திக்கு என்னையே தெரியும். ஆகவே வார்டு மேஜையில் இருக்கும் கம்ப்யூட்டர்தான் வழி. நம் நேரம் மூன்றரையிலிருந்து ஆறரைக்குள், நோயாளிகள் அசந்த ஒரு ஐந்து நிமிடத்தில் சாட் ஜன்னலைத் திறந்து பார்ப்பாள். என் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் பொட்டு இருந்தால் எழுதுவாள். இல்லையென்றால் மூடிவிட்டுப் போய்விடுவாள்.

2010 மே மாதம். பள்ளிக்கூடம் லீவு. எனக்கு வேறு வேலை கிடையாது. மூன்று மணிக்கே குளித்து, சட்டை போட்டு, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவேன். சாட்டில் சட்டை தெரியாது. இருந்தாலும் போடுவேன். ஆனால் நான் தட்டாமல் தொடாமல் பத்து நிமிடம் உட்கார்ந்தால் போதும், நெட் சொல்லாமல் கொள்ளாமல் அறுந்துவிடும். நான் பாட்டுக்கு வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பேன், வாசலே இருக்காது.

செவ்வாய்க்கிழமை ஒரு வழி கண்டுபிடித்தேன். சும்மா இருந்தால்தானே அறுகிறது? சும்மா இல்லாமல் இருந்தால்? மேஜை ஃபேனின் கழுத்தில் தையல் நூலைக் கட்டி மறுமுனையை மவுஸில் கட்டினேன். ஃபேன் இடமும் வலமும் திரும்பத் திரும்ப, மவுஸும் மேஜையில் இடமும் வலமும் ஊர்ந்தது. திரையில் அம்பு அங்குமிங்கும் உலாத்தியது. பன்னிரண்டு வருடம் கணக்கு சொல்லிக்கொடுத்த மூளை அது. பெருமையாகத்தான் இருந்தது. கட்டஞ்சாயா ஒன்று போட்டு எடுத்துக்கொண்டு வந்து பார்த்தால், அம்பு உலாத்திக்கொண்டே இருக்கிறது, நெட் அறுந்து கிடக்கிறது.

செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

எங்களுக்கு நெட் கொடுப்பது சீயோன் கேபிள் விஷன். குழித்துறைப் பாலத்துக்குப் பக்கத்தில் மாடியில் ஒரு அறை. முதலாளி ஜஸ்டஸ். பத்தாம் வகுப்பில் என்னிடம் கணக்கில் முப்பத்தைந்து வாங்கியவன். அதிலும் ஐந்து நான் போட்டது.

"வாங்க சாரே. இருங்க. எளநி வெட்டட்டா?"

"எளநி கெடக்கட்டு. ஏலே, எனக்க நெட்டை நீ எதுக்குப் பத்து நிமிசத்துக்கு ஒருக்கா புடுங்குத?"

"நான் புடுங்கல்ல சாரே. நீங்க சும்மா இருந்திருப்பீங்க. பத்து நிமிசம் லைன்ல பெருசா ஒண்ணும் ஓடல்லன்னா சிஸ்டமே வெட்டிரும்."

"நான் சும்மா இருந்தேன்னு ஒன்கிட்ட யாரு சொன்னா?"

"கோவப்படாதீங்க. என்கிட்ட இருக்கது ஒரு அம்பது பேரு தாங்குத லைன். குடுத்திருக்கது நூத்தி இருவது வீட்டுக்கு. சும்மா கெடக்கவன எறக்கி விட்டாத்தான நிக்கவன ஏத்த முடியும்? பஸ்ஸு மாதிரி."

"எந்த பஸ்ஸுலடே பேசாம இருக்கவன எறக்கி விடுவான்? சத்தம் போடுதவனுக்குத்தான் சீட்டா? மார்த்தாண்டத்துக்கு டிக்கெட் எடுத்துட்டு வாயை மூடிட்டு இருந்தா பாலத்துலயே தள்ளி விட்டுருவியா?"

"அது அப்பிடி இல்ல சாரே…"

"எப்பிடி இல்ல? நான் காத்திருக்கேன். காத்திருக்கது சும்மா இருக்கதா? மூணு மணி நேரம் ஒரு பொட்டைப் பாத்துட்டு இருந்து பாரு, கண்ணு எரியுதா இல்லையான்னு. நான் செஞ்ச வேலையிலயே பெரிய வேலை அதுதான். அதைப் போய் ஒனக்க மிஷினு சும்மாங்குது!"

கீழே மீன் வாங்க வந்தவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். ஜஸ்டஸ் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"யாருக்குச் சாரே காத்திருக்கீங்க?"

அங்கே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. வாய்க்கு வந்தால் எனக்கு எதுவும் அதுவாக வெளியே போகாது.

"கலெக்டருக்கு" என்றேன்.

அவன் முகம் சுருங்கிவிட்டது. "செரி, கலெக்டருன்னா அவரு போன் பண்ணுவாரு" என்றான்.

"வெளையாடாத. அந்தப் பத்து நிமிசத்தை எனக்கு மட்டும் எடுத்து விடு."

"எடுக்கத் தெரிஞ்சா எடுத்திருப்பேன். அதை வச்சது எனக்க மச்சினன் ஆன்ட்ரூஸ். பாஸ்வேர்டு அவனுக்குத்தான் தெரியும். அவன் இப்பம் துபாயில."

"அவன நெட்டுல கேக்கக் கூடாதா?"

"அவனுக்க லைனு எப்பவும் கட் ஆயில்லா கெடக்கு" என்றான் ஜஸ்டஸ், சிரிக்காமல்.

ஃபேன் விஷயத்தைச் சொன்னேன். அதற்குச் சிரித்தான். சிரித்ததோடு விடாமல் மேஜையையும் தட்டினான். "சாரே, மவுஸு உங்க மேசையிலல்லா ஓடுது? எனக்க லைன்ல ஒண்ணும் ஓடல்லியே. ஏதாவது ஒரு பக்கத்தைத் திறக்கணும், அப்பம்தான் கணக்கு." முப்பத்தைந்து மார்க்குக்காரன் எனக்குக் கணக்கு சொல்கிறான். அந்த ஐந்து மார்க்கைத் திருப்பிக் கேட்கலாம் போல இருந்தது.

புதன்கிழமை அலாரம் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒன்பது நிமிடத்துக்கு ஒருமுறை மணி அடிக்கும், நான் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறப்பேன், மறுபடி அலாரம் வைப்பேன். மூன்றரையிலிருந்து நாலே முக்கால் வரை ஒருமுறையும் தவறவில்லை. ஒரு நாட்டுக்கே காவல் நிற்பவன் போல விறைத்து உட்கார்ந்திருந்தேன். நாலே முக்காலுக்கு கேஸ் சிலிண்டர் வந்தது. மூன்று வாரமாக வராத சிலிண்டர். புத்தகத்தை எடுத்து, கையெழுத்துப் போட்டு, பழைய சிலிண்டரை உருட்டிக் கொடுத்துவிட்டு உள்ளே வந்தேன். அலாரம் அடித்து ஓய்ந்திருந்தது. லைன் போய்விட்டது.

எட்டு மணிக்கு போன்.

"இன்னைக்கும் கறுப்பு" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். பத்து நிமிடம், ஜஸ்டஸ், ஃபேன், அலாரம், சிலிண்டர். கேட்டு முடித்ததும் வெடித்தாள்.

"ஒம்பது நிமிசத்துக்கு ஒருக்கா மவுஸ ஞெக்கிட்டா இருக்கீங்க? எங்க வார்டுல இப்பிடிச் செஞ்சா ஆளு செத்துப் போகும். அறிவு இருக்கா?"

"அதுக்கு இப்பம் என்ன செய்யச் சொல்லுத?"

"கேளுங்க. நாங்க ஒரு நோயாளிக்கு மருந்து ஏத்தி முடிச்சாலும் கையில உள்ள ஊசிய அப்பிடியே சும்மா விட மாட்டோம். விட்டா ரத்தம் உறைஞ்சு அடைச்சிரும். நாளைக்கு அவசரத்துக்கு மருந்து போடணும்னா வழி இருக்காது. அதுக்கு, வெறும் உப்புத்தண்ணிய சொட்டுச் சொட்டா விட்டுட்டே இருப்போம். மருந்துக்கு இல்ல. வழி அடையாம இருக்கதுக்கு. அதுக்குப் பக்கத்துல அலாரம் வச்சிட்டு ஆளு இருக்கவேண்டாம், அது பாட்டுக்கு விழும். அதுபோல எதாவது தானா சொட்டுததை வையுங்க அந்தக் கம்ப்யூட்டர்ல."

திட்டிக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் இவ்வளவு நீளமாக அவள் என்னிடம் பேசி மாதக்கணக்கு ஆகிறது. நான் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

"செரி, அது கெடக்கட்டு" என்றாள். குரல் இறங்கியது. பின்னால் யாரோ இருமினார்கள். "இப்பமே சொல்லுங்க. போடவா, வேண்டாமா?"

இதோ கேட்டுவிட்டாள். லைன் இருக்கிறது. நான் இருக்கிறேன். ஒரு வார்த்தை போதும். பின்னால் இருமியவள் என்னைத் தெரிந்தவளாக இருக்குமோ என்று ஒரு நினைப்பு. அப்போது இந்த நாக்கு தன் வேலையைக் காட்டியது.

"உப்புத்தண்ணிதான் வேணும்னா நீ எதுக்கு ஏட்டி, முட்டத்துல கடலே கெடக்கே."

இந்த முறை, சிரிக்கிறாள் என்று நான் நினைக்கவில்லை.

"நாளைக்கு நாலு மணி" என்று சொல்லிவிட்டு வைத்தாள். திருப்பிக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. ஐந்து தடவை. எடுக்கவில்லை.

அதுவரை ஜஸ்டஸ் மேல் இருந்த கோபம், அவன் மச்சினன் மேல் இருந்த கோபம், சிலிண்டர்காரன் மேல் இருந்த கோபம் எல்லாம் ஒட்டுமொத்தமாக என் பக்கம் திரும்பியது. கண்ணாடி முன்னால் நின்று என்னை நானே வாய்க்கு வந்தபடி ஏசினேன். அதையும் ரசித்துக் கேட்டது எதிரில் இருந்த மூஞ்சி. கம்ப்யூட்டரில் ஒரு சௌகரியம் உண்டு. தப்பாக அடித்தால் அனுப்புவதற்கு முன்னால் அழித்துவிடலாம். வாயில் அப்படி ஒரு பொத்தான் வைத்து அனுப்பவில்லை கர்த்தர்.

வியாழக்கிழமை காலையிலிருந்து சொட்டு தேடினேன். கடைசியில் கிடைத்தது கிரிக்கெட். எனக்குக் கிரிக்கெட் தெரியாது, பிடிக்கவும் பிடிக்காது. ஆனால் ஸ்கோர் சொல்லும் பக்கம் ஒன்று இருக்கிறது, அரை நிமிடத்துக்கு ஒருமுறை தானாகவே புதுசாகும். ரன் வந்தாலும் வராவிட்டாலும் ஆகும். இங்கிலாந்தில் ஏதோ இரண்டு ஊர்க்காரர்கள் நாலு நாள் ஆடுகிற ஆட்டம் ஒன்றைத் திறந்து வைத்தேன். மூன்றரைக்கு ஆட்டம் தொடங்க வேண்டும். தொடங்கவில்லை. 'மழை காரணமாகத் தாமதம்' என்று வந்தது. அரை நிமிடம் கழித்து மறுபடியும் 'மழை காரணமாகத் தாமதம்'. மறுபடியும். சத்தில்லாத, ருசியில்லாத, சுத்தமான உப்புத்தண்ணி.

பத்து நிமிடம் ஆனது. லைன் போகவில்லை. இருபது. போகவில்லை. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாலரை வரை பச்சைப் பொட்டு அப்படியே இருந்தது. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன், அப்போதும் இருந்தது.

ஐந்து மணிக்கு பேச்சிப்பாறைப் பக்கம் வானம் கறுத்தது. ஐந்தே காலுக்கு முதல் இடி.

மே மாத இடி என்றால் எங்கள் பக்கத்தில் எல்லோரும் ஓடிப்போய் டிவி வயரைப் பிடுங்குவார்கள். ஜஸ்டஸ் அதற்கு முன்னாலேயே மெயினை அணைத்துவிடுவான். ஊர் முழுக்க நெட் போய்விடும். போனை எடுத்தேன்.

"ஏலே, அணைச்சிட்டியா?"

"கை வச்சாச்சு சாரே. போன வருசம் ஒரே இடியில பதினாலு பெட்டி கருகிப்போச்சு."

"அணைக்காத."

"சாரே, கலெக்டரு நாளைக்கும் வருவாரு…"

"கலெக்டரு இல்லடே!" என்று கத்தினேன். "எனக்க பொண்டாட்டி. இன்னைக்கு ஆறரைக்குள்ள அவ என்கிட்ட ஒண்ணு கேப்பா. வரணுமா வேண்டாமான்னு. நான் இல்லன்னா இன்னும் ரெண்டு வருசம் அங்கதான். எனக்கு அவ வரணும். இங்க இருக்கணும். போதுமா?"

சொல்லி முடித்ததும்தான் தெரிந்தது. நாலு வருடமாக வாயில் வராதது, முப்பத்தைந்து மார்க்குக்காரனிடம் வந்துவிட்டது.

ஜஸ்டஸுக்கும் கோபம் வந்தது. "இதைச் செவ்வாக்கிழமையே பறஞ்சா என்ன சாரே? நான் என்ன மனுசன் இல்லியா? எனக்க அக்கா ஏழு வருசம் மஸ்கட்டுல கெடந்தா. உங்களுக்குக் கலெக்டராம், கலெக்டரு."

"தப்புதான்."

"ஆறரை வரைக்கும் பாக்கேன். எனக்க கை ஸ்விட்சுல இருந்து எடுக்க மாட்டேன். பாலத்துக்கு இந்தப் பக்கம் விழுந்தா அணைச்சிருவேன், பின்ன என்னையக் குத்தம் சொல்லப்பிடாது."

மழை ஓட்டில் அடிக்கத் தொடங்கியது. இங்கேயும் மழை, இங்கிலாந்திலும் மழை. ஐந்து ஐம்பத்திரண்டுக்குத் திரையில் சாட் ஜன்னல் துள்ளியது.

'இருக்கீங்களா?'

'இருக்கேன்.'

'போடவா?'

கை தானாக ஓடியது. 'பேனாவுல மையி இருக்கா?' அழித்தேன். 'உனக்கு எது சரி' வரைக்கும் வந்தேன். அதையும் அழித்தேன். விரலை ஒருமுறை உதறிவிட்டு, கணக்கு வாத்தியார் கரும்பலகையில் விடையை எழுதுவது போல அடித்தேன்.

'போடாதே. வந்திரு. நீ இல்லாம எனக்கு இருக்க முடியல்ல.'

அனுப்பிவிட்டேன்.

பதில் இல்லை.

ஒரு நிமிடம் ஆனது. மூன்று ஆனது. அவள் பெயருக்குப் பக்கத்தில் பச்சை இருக்கிறது, எழுத்து இல்லை. 'மழை காரணமாகத் தாமதம்.' இடி இன்னும் கிட்டத்தில் கேட்டது. ஏதாவது தட்டலாமா, 'கேட்டியா' என்று கேட்கலாமா, பூனையைப் பற்றி ஒரு வரி போடலாமா என்று கை அரித்தது. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டேன். பத்து நிமிடம் தாண்டியது. நேற்றாக இருந்தால் இதோ அறுந்திருக்கும். மழை காரணமாகத் தாமதம். பதினைந்து. கண்ணைப் பறிக்கிற ஒரு மின்னல், பின்னாலேயே ஓடுகளைக் குலுக்குகிற இடி. பாலத்துக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது பச்சைப் பொட்டு இருந்தது. மழை காரணமாகத் தாமதம்.

ஆறு இருபத்தொன்றுக்கு வந்தது.

'நாலாம் பெட்டுக்கு மூச்சு முட்டிச்சு. ஓடினேன். இப்பம்தான் வந்து வாசிச்சேன்.'

அடுத்த வரி வர இன்னும் கொஞ்ச நேரம் ஆனது.

'இந்த ஒரு வரிய அடிக்க நாலு வருசம் வேணுமா உங்களுக்கு? நீங்க மனுசன்தானா? போன தடவை நான் பாத்ரூமுல போய் அழுதுட்டு வந்தாக்கும் கையெழுத்துப் போட்டேன், தெரியுமா? இந்தத் தடவை போடல்ல. பேப்பர கிழிச்சாச்சு. வாறேன். வந்து உங்களுக்கு வச்சிருக்கேன்.'

நான் பதில் அடிப்பதற்குள் அவள் பெயர் கறுத்துவிட்டது. நாலாம் பெட்டாக இருக்கும். திரையை நாலைந்து தடவை வாசித்தேன். மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்ததால் துடைத்துக்கொண்டு மறுபடியும் வாசித்தேன். பிறகு போனை எடுத்தேன்.

"அணைச்சுக்க மக்கா" என்றேன்.

"என்ன சொன்னாங்க சாரே?"

"என்னைய ஏசுகா டே. மனுசன்தானான்னு கேக்கா."

"அப்பம் வருவாங்க" என்றான் ஜஸ்டஸ். ஸ்விட்ச் விழுகிற சத்தம் போனிலேயே கேட்டது.